கூட்டிப் போட்ட பட்டை

இரண்டு கதவு வைத்த காரை மதுரையில் யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள். ஒரு விசேஷம் என்றால் வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிற ஊர் இது. முன் சீட்டை மடக்கி, குனிந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நுழைய வேண்டிய வண்டி எந்த அத்தைக்கு ஆகும்? அதனால்தான் அந்த ஹெரால்டு கார் எங்கள் கைக்கு எட்டியது. ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை என் வீட்டுக்காரர் பேசி வாங்கிக் கயிறு கட்டி இழுத்து வந்தார். எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்துப்போய்க் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தன.

அவருக்குச் சிம்மக்கல்லில் பம்புசெட்டுச் சாமான் கடை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லாத வீடு என்றால் சொந்தபந்தத்துக்கு வாய் சும்மா இருக்குமா? தொட்டில் கட்ட வேண்டிய இடத்தில் காரைக் கட்டியிருக்கிறான் என்று ஒருத்தி சொன்னதாக என் காதுக்கே வந்தது. வண்டி வந்த அன்று நானும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோழி எச்சத்தைச் சுரண்ட என் தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு போன மனிதரிடம் என்ன பேச்சு?

எஞ்சினைச் சரி பண்ணித் திருமங்கலம் ரோட்டில் என்னை முதல்முதலாக ஏற்றிக்கொண்டு போனபோது அந்தக் கோபம் போய்விட்டது. தரையோடு தரையாக உட்கார்ந்து போகிற வண்டி அது. ரோட்டோரப் புளியமரங்கள் முகத்துக்கு நேரே வந்து விலகிப் போயின.

"பயமா இருக்கா புள்ள?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் மிதிங்க," என்றேன்.

அந்த வண்டி எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் சொல்லாவிட்டால், பின்னால் நடந்ததை வைத்து, ஏதோ தலையில் அடித்துக்கொண்டு தடுத்த பெண்சாதி என்று என்னை நினைத்துக்கொள்வீர்கள். தடுக்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கத்தி அடக்கிவிட்டு வருகிறவளுக்கு, காற்று அடித்துக் காது அடைத்துப்போவது எவ்வளவு நிம்மதி என்று வேறு யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில்தான் வேலை நடக்கும். அந்த வண்டியின் மூக்குப் பகுதி மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும். அவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைக் குடைவார். எங்கோ பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து இரண்டாவது கார்புரேட்டர் மாட்டினார். எஞ்சினின் தலைப்பகுதியை லேத்துப் பட்டறையில் கொடுத்து இழைத்து வாங்கினார். பம்பர் இரண்டையும் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டார். சத்தம் கூடியது, வேகமும் கூடியது. அக்கம்பக்கத்தில் வசவும் கூடியது.

இத்தனையும் எதற்கு என்றால், பந்தயத்துக்கு. வெளியூர் மோட்டார் கிளப்காரர்கள் சிலர் சேர்ந்து திருமங்கலத்துக்கு அப்பால் காய்ந்த கண்மாய் ஒன்றில் கார் பந்தயம் வைப்பதாக இருந்தது. ஒருவரை ஒருவர் முந்துகிற பந்தயம் இல்லை. மண் தரையில் தார் டிரம்களை நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக அவற்றைச் சுற்றி வளைந்து வர வேண்டும். யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பங்குனியில் நடக்கும் என்றார்கள். அவர் தூக்கத்தில்கூடக் கையால் ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டிருந்தார்.

பங்குனிக்கு முன்னால் மாசி வருகிறதே. மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் பேரையூர்ப் பக்கம் போக வேண்டும். அவர் பிறந்த ஊர் அங்கேதான். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட, பெரியப்பாதான் அவரை வளர்த்து ஆளாக்கியவர். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். பருத்திக்காட்டில் கறுத்துப்போன, கட்டை குட்டையான மனிதர். என் வீட்டுக்காரர் எவ்வளவு வளர்ந்தும் அவர் முன்னால் வேட்டியை மடித்துக் கட்ட மாட்டார்.

மாமா ஒரு நாள் மதுரைக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கூட வந்த இரண்டு பங்காளிகளும் ஏறினார்கள். பின்பக்கம் படுத்துவிட்டது. மாமா இறங்கித் துண்டை உதறினார்.

"குதிர வாங்கிட்டேன்னு சொன்னான்னு வந்து பாத்தா, மூணு ஆளு ஏறுனா கழுத மாதிரி படுக்குதேப்பா," என்று பக்கத்தில் நின்ற பங்காளியிடம் சொன்னார். பிறகு இவரைப் பார்த்து, "சிவராத்திரிக்கு அம்புட்டுப் பேரையும் எப்புடிய்யா கூட்டிட்டுப் போவ? பின்னாடி நல்லா பலமாப் பண்ணு," என்றார்.

கேலிதான். பாசத்தோடு சொன்ன கேலி. ஆனால் எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிறவன், சொந்தக்காரர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர, தான் மட்டும் குலசாமி கோயிலுக்குக் காரில் போய் இறங்க முடியாது. அதைவிட அந்தக் காரைத் தீ வைத்துக் கொளுத்தலாம். மறுநாளே இவர் கமான்பட்டை அடிக்கிற பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வண்டியின் கனத்தைத் தாங்குகிற வில் போன்ற இரும்புப் பட்டைகளை அடுக்கித் தருகிற இடம் அது. லாரிகளும் மாட்டுவண்டிகளுமாக நிற்கும். பட்டறைக்காரர் ஒரு பாய். நானும் கூடப் போயிருந்தேன்.

"எம்புட்டு கனம் ஏறும் தம்பி?" என்றார் பாய்.

"எங்க கூட்டமே ஏறும் அண்ணே."

"அப்ப ஒரு பட்டை கூட்டிப் போட்ருவோம். இன்ஷா அல்லா, அசையாது."

பட்டை கூடினால் பலம் கூடும். இது எங்கள் ஊரில் மாட்டுவண்டிக்காரன் முதல் மில் முதலாளி வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தப்பாக யாரும் எதுவும் செய்யவில்லை. வண்டி நிமிர்ந்து நின்றது. பின்பக்கம் எடுப்பாக இருந்தது. "இனி வளைவுல ஆடாது. பந்தயத்துக்கும் இதுதான் நல்லது," என்று அவருக்கு ஏகச் சந்தோஷம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும் நினைத்தேன்.

சிவராத்திரிக்கு அந்தக் குட்டி வண்டியில் முன்னால் மூன்று பேர், பின்னால் மடியில் மடியாக நெருக்கி மற்றவர்கள், டிக்கியில் பொங்கப் பானை, விறகு, அரிசி மூட்டை. குண்டும் குழியுமான பாதையில் வண்டி அசையாமல் போனது. மாமா முன் சீட்டில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார். கோயிலில் இறங்கி எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "எம் மகன் வண்டி." தம்பி மகன் என்பதையெல்லாம் அவர் எப்போதும் பிரித்துச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் கோயில் மரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் அவர் பின் சீட்டைக் கழற்றினார். கனம் குறைந்தால் வேகம் கூடும் அல்லவா? உபரிச் சக்கரம், தரை விரிப்பு, எல்லாம் வெளியே வந்தன. கூட்டிப் போட்ட பட்டை மட்டும் அப்படியே இருந்தது. அமுக்க ஆள் இல்லாத வண்டியின் பின்பக்கம் இன்னும் மேலே ஏறியது. பின்சக்கரங்கள் வில்லாக வளைந்த கால் மாதிரி, அடி உள்ளே ஒடுங்கி நின்றன. நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்து என்ன? அதற்கு அர்த்தம் தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

பந்தயத்தன்று காலையில் கண்மாய்க் கரையெல்லாம் கூட்டம். சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் ஜல்லிக்கட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தது. ஐஸ்காரன், சுண்டல்காரன், எல்லாரும். கோயமுத்தூரிலிருந்து ஒருவர் எங்களுடையதைப் போன்ற அதே வண்டியை ஒரு வேனில் கட்டி இழுத்து வந்திருந்தார். அவருடைய வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்கள் காலை அகட்டி நின்றன. சேற்றில் நாற்று நடுகிறவன் நிற்கிற மாதிரி. அவர் எங்கள் வண்டியருகே வந்து குனிந்து பார்த்தார்.

"பின்னால இத்தன தூக்கலா நிக்குதுங்களே?"

"பட்டை கூட்டிருக்கேன் சார்," என்றார் இவர்.

"இந்த வண்டிக்கு அது ஆவாதுங்க."

இவர் சிரித்துக்கொண்டார். அவர் போன பிறகு என்னிடம் கண்ணடித்து, "பயப்படுறான் புள்ள," என்றார்.

முதல் டிரம்மை அழகாகச் சுற்றினார். இரண்டாவதையும். கரையில் விசில் பறந்தது. மூன்றாவதில் இன்னும் வேகமாக வந்து ஸ்டியரிங்கை ஒடித்தார். வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்தது. வண்டி அந்த ஒற்றைக் காலின் மேல் எம்பி, நிதானமாகக் கவிழ்ந்தது. புழுதிக்குள் இன்னொரு தடவை புரண்டது. ஜனம் கைதட்டியது. வித்தை காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் ஓடினேன். கரைச் சரிவில் செருப்பு எங்கே போனதென்று தெரியாது. வண்டியைத் தூக்கி நிமிர்த்தி அவரை வெளியே எடுத்தார்கள். ரத்தம் அதிகம் இல்லை. கண் திறந்திருந்தது. நான் கையைப் பிடித்தேன். அந்தக் கை என்னைப் பிடிக்கவில்லை.

கோயமுத்தூர்க்காரர் தன் பந்தயத்தை விட்டுவிட்டு எங்களை வேனில் ஏற்றினார். நான் தரையில் உட்கார்ந்து இவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"மெதுவாப் போகச் சொல்லு புள்ள."

அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை. மதுரை வரை அவர் பேசியது அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் உள்ளே கொண்டு போனார்கள். கழுத்தெலும்பு முறிந்து நரம்பு அறுபட்டுவிட்டது, எதுவும் சொல்வதற்கில்லை என்றார்கள். வராந்தாவில் கோயமுத்தூர்க்காரர் என் பக்கத்தில் நின்றார். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவர் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். இந்த வண்டியின் பின்சக்கரங்கள் பறவை இறக்கை மாதிரி நடுவிலிருந்து தனித்தனியாக மடங்குமாம். கனம் அமுக்கினால் இறக்கை விரிந்து சக்கரம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். கனம் இல்லாமல் பின்பக்கம் எழும்பி நின்றால், வேகமாக ஒடிக்கும்போது இறக்கை அடியில் மடிந்து வண்டியையே தூக்கி எறிந்துவிடும்.

"காலையில இதை ஏன் வெவரமாச் சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருக்கோணுங்க. எதுத்து ஓட்டறவன் சொன்னா நம்புவாங்களாங்க?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

விடியும் முன்பே உயிர் போய்விட்டது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். பேரையூரிலிருந்து கூட்டம் வந்து இறங்கியது. அழுகைக்கு நடுவிலேயே காரணம் தேடவும் தொடங்கிவிட்டார்கள். சாமிக்கு ஏதோ குறை வைத்துவிட்டானாம். கோயிலில் வெட்டின கிடா சரியாகத் தலையை உதறவில்லையாம். சக்களத்தி மாதிரி வீட்டுக்குள் வந்த வண்டியாம். ஒரு பெரியவர், "நாங்க அம்புட்டுப் பேரும் அந்த வண்டியிலதான போனோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. அவ்வளவு பேரும் ஏறி உட்கார்ந்திருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்று, கோயமுத்தூர்க்காரர் சொன்னதை, அவர் காட்டிய மாதிரியே கையை நீட்டிச் சொன்னேன்.

"பட்டை கூட்டுனா வண்டி கவுந்துருமா? லாரிக்கு எம்புட்டு பட்டை போடுறான்," என்றார் அந்தப் பெரியவர். "பாவம், புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்று ஒருத்தி என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வளர்த்தவன் நானே கொள்ளி வைக்கிறேன் என்று பெரிய மாமா வந்ததுமே சொல்லியிருந்தார். குளித்து ஈர வேட்டியோடு நின்றார். நெருப்புச் சட்டி தயாராக இருந்தது. அதைத் தூக்க வேண்டிய நேரத்தில் தூக்காமல், பெண்கள் நடுவே நடந்து என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா, நெசமாச் சொல்லு. நான் போடச் சொன்ன பட்டைதானா?"

என் கையைப் பிடித்திருந்தவள் என்னைக் கிள்ளினாள். சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

"ஆமா மாமா," என்றேன்.

அவர் தரையில் கை ஊன்றி எழுந்தார். தன் மகனைக் கூப்பிட்டு, "நீ தூக்குடா. என் கை வேணாம்," என்றார். ஊர்வலத்தில் முன்னால் நடக்க வேண்டியவர் எல்லாருக்கும் கடைசியில் நடந்து போனார்.

தெரியல மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று சொந்தக்காரப் பெண்கள் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் குறைந்திருக்காது. ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. அவர் பிள்ளையைப் பறிகொடுத்தார், நான் புருஷனைப் பறிகொடுத்தேன். எதனால் பறிகொடுத்தோம் என்று அந்தக் கூட்டத்தில் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.