என் கணவர் பேசிய படங்கள்

கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை என் கணவர் பாரிசுக்குத் திரும்பிப் போனார். விசா வரும்வரை நான் கரம்பொன் கிராமத்தில் அவருடைய தாயான மாமியோடு இருந்து, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். போனில் எங்களுக்குக் கதைக்க அதிகம் இருக்கவில்லை. "சாப்பிட்டீரோ?" "ஓம்." "அம்மா எப்பிடி?" "சுகம்." அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள், "பின்னேரத்தில என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார். படம் பார்க்கிறனான் என்றேன். விண்வெளிப் படங்கள், காலம் தாண்டிப் போகிற படங்கள், இயந்திர மனிதர் வருகிற படங்கள். அவர் சிரித்தார்.

"அதெல்லாம் சின்னப்பிள்ளையள் பாக்கிறதெல்லோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். எனக்குப் பிடித்த ஒரு படத்தைச் சொன்னேன். எல்லாரும் செத்துப்போன விண்கலத்தில் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருக்கிறாள். அவள் நகம் வெட்டுகிறாள். வெட்டிய துண்டுகள் கீழே விழாமல் முகத்தைச் சுற்றி மிதக்கின்றன. ஒவ்வொன்றாய்ப் பிடித்து ஒரு சின்னப் பேணிக்குள் போடுகிறாள்.

"அவளை ஆரும் பாக்கப் போறதில்லை. எண்டாலும் வெட்டுறாள். ராக்கெட் பெரிசா இருந்தாப்போல படம் பெரிசாகாது. அவ்வளவு தூரம் போயும் மனிசர் மனிசராவே இருக்கினம் எண்டு காட்ட வேணும்" என்றேன்.

அதற்குப் பிறகு தவறாமல் போன் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல, "ம், பிறகு?" என்பார். பள்ளிக்கூடத்தால் பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு எதைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வருவேன். காதல் என்று எனக்கு வாய்த்தது அதுதான்.

அடுத்த வருசம், நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கையில் மாமி போனோடு ஓடிவந்தார்.

"பிள்ளை, இஞ்ச பார். தம்பி யூடியூப்பில கதைக்கிறான்!"

இஸ்திரி போட்ட சேர்ட்டோடு கதிரையில் இருந்து, அவர் நகம் வெட்டும் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் வசனங்கள். நான் நிறுத்தின இடத்தில் அவரும் நிறுத்தினார்.

"எவ்வளவு யோசிக்கிறான் பார்" என்றார் மாமி.

அவர் எடுத்தபோது கேட்டேன். "அது நான் சொன்னதெல்லோ?"

"நாங்கள் கதைச்சதுதானே."

"என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?"

"நீர் என்ன, படம் எடுத்தனீரோ? பாத்தனீர். நானும் பாத்தனான்."

அவர் பார்க்கவில்லை. அந்தப் படத்தின் முடிவை நான் மறந்து பிழையாகச் சொல்லியிருந்தேன். அவரும் அதே பிழையோடுதான் சொல்லியிருந்தார்.

எண்டாலும் நான் சொல்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் எடுக்கமாட்டார் என்ற பயம். பள்ளிக்கூடத்தில், "உங்கட மனுசன் கெட்டிக்காரன், ரீச்சர்" என்பார்கள். தலையாட்டுவேன். பிறகு ஒரு பேட்டியில் அவர், "நான் தனியா இருந்துதான் படம் பாக்கிறனான். என்னோட இதுகளைக் கதைக்க ஒருத்தரும் இல்லை" என்றார். அதை இரண்டு தரம் கேட்டேன்.

அந்தக் கிழமை ஒரு குப்பைப் படத்தைத் தெரிந்தெடுத்தேன். அதில் காற்றே இல்லாத விண்வெளியில் விண்கப்பல்கள் இடிமுழக்கத்தோடு வெடிக்கும். காற்றில்லாத இடத்தில் சத்தம் கேளாதென்று என் வகுப்புப் பிள்ளையளே பிழை பிடிக்கும். "அது வெறும் சத்தமில்லை, கதாநாயகன்ர மனச்சாட்சி வெடிக்கிற சத்தம். இப்பிடி ஒரு படம் இனி வராது" என்றேன். ஒரு சொல் மாறாமல் அப்படியே பேசினார். வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதின ஆட்கள் வரிசையாய்ச் சிரித்திருந்தார்கள்.

மறுநாள் எடுத்தார். "வேணுமெண்டோ சொன்னனீர்?"

"ஓம்."

"நீர் ஒரு மனுசியே?" போனை வைத்துவிட்டார்.

சந்தோசப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஏலவில்லை. எங்களுக்குள் இருந்த ஒரேயொரு நல்ல விசயத்தை அவர் களவெடுத்தார், நான் நஞ்சாக்கினேன். இப்போது அவர் அம்மாவோடுதான் கதைக்கிறார். விசா அலுவல் நடக்குது என்று மாமி மூலம் சொல்லியனுப்புகிறார். வீடியோக்கள் இன்னும் வருகின்றன. வேறு ஆருடையவோ வசனங்கள்.

போன கிழமை நல்ல படமொன்று பார்த்தேன். முடியும்போது அழுதுவிட்டேன். எட்டிப் பார்த்த மாமி, "என்ன பிள்ளை, அப்பிடி என்ன படம்?" என்றார். சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

"விளங்காட்டில் தம்பியிட்டைக் கேளன்" என்றார். "அவன் வடிவா விளங்கப்படுத்துவான்."