கடிக்கும் பெட்டி

கெடா மாநிலத்துப் பாலிங்கில் அக்காள் வீட்டு முன்கூடத்தில் நின்ற அந்த வீடியோ கேம் பெட்டி, கண்ணை மூடினால் இன்றும் அப்படியே தெரிகிறது. ஆள் உயரப் பலகைப் பெட்டி. நெஞ்சளவில் ஒரு பிளாஸ்டிக் பிடியும் இரண்டு பொத்தான்களும் இருக்கும். அதற்குக் கீழே, காசு விழும் சிறு கதவைச் சுற்றிப் பளபளவென்று தகரம். காசு போட்டு விளையாடித் தோற்றுப்போகிற அக்கம்பக்கத்துப் பையன்கள் ஆத்திரத்தில் எட்டி உதைப்பார்கள், வெறும் பலகை தாங்காது என்று அத்தான் அடித்த தகரம் அது. அந்தப் பெட்டிக்கே அதுதான் அழகு என்று அவருக்கு நினைப்பு. குனிந்து பார்த்தால் நம் முகம் அதில் கோணலாகத் தெரியும்.

அத்தான் டிவி பழுது பார்ப்பவர். எண்பதுகளின் நடுவில் ஒரு முறை சாமான் வாங்கப் பட்டர்வொர்த் போனவர், அங்கே ஒரு விளையாட்டுக் கடையில் புது மாதிரிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் காசு போட்டால் இத்தனை உயிர் என்ற கணக்கு கிடையாது, இவ்வளவு நேரம் என்றுதான் கணக்கு. நேரம் தீர்ந்தால் பாதி ஆட்டத்தில் நின்றுவிடும். கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்தபோது எட்டிப் பார்த்தாராம். உள்ளே இருந்தது ஜப்பானில் பிள்ளைகள் வீட்டு டிவியில் மாட்டி விளையாடுகிற அதே சாமானின் மூளை. வீட்டுச் சாமானைக் கம்பெனிக்காரனே கடைச் சாமான் ஆக்கி விற்கிறான், நான் செய்தால் என்ன என்று அத்தான் கிளம்பிவிட்டார். வீட்டு கேம் செட் ஒன்று, பழைய டிவி ஒன்று, நம் ஊர் மின்சாரத்தை ஜப்பான் அளவுக்குக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர், நேரம் பார்த்து அணைக்கிற டைமர் எல்லாவற்றையும் பலகைக்குள் அடக்கினார். டிவியின் பிளாஸ்டிக் உறை உள்ளே நுழையவில்லை. அதைக் கழற்றி வெளியே போட்டுவிட்டார்.

"நைட்டிக்கு மேல சேலையச் சுத்திக் கல்யாணத்துக்கு அனுப்புறீங்க லா," என்று அக்காள் கேலி செய்தாள். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டி வந்த புதிதில் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

நான் அப்போது ரப்பர்த் தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் கிராணி. கெடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. காலை பஸ் பிடித்து அக்காள் வீட்டுக்குப் போய்விடுவேன். வாசலில் சிலிப்பர்கள் கும்பலாகக் கிடப்பதைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று ஊகித்துவிடலாம். சிலிப்பரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அக்காளின் சட்டம். பையன்கள் ரப்பர்க் காட்டுச் செம்மண்ணோடு வருவார்கள், சிமெண்டுத் தரையைக் கழுவி மாளாது. அந்தச் சட்டம் அத்தானுக்கு மட்டும் கிடையாது. அவருக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு, சிமெண்டுக் குளிர்ச்சி ஆகாது. வீட்டுக்குள்ளேயும் ஜப்பான் சிலிப்பர் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் செருப்போடுதான் நடப்பார்.

சில மாதங்கள் போனபின் அக்காள் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். காலையில் காசை எடுக்கவும் துடைக்கவும் அந்தத் தகரத்தைத் தொடுவது அவள்தான். தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிறது என்றாள். பிறகு எறும்பு போய், கடிக்கிறது என்றாள். அத்தான் எதையும் தானே கைவைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர். அது அவருக்குப் பெருமையும்கூட. எழுந்து வந்து, உள்ளங்கை முழுவதையும் தகரத்தில் பதித்து, அப்படியே நின்று காட்டினார்.

"எங்க கடிக்குது? நீயே பாரு புள்ள, கடிக்குதா?" என்று என்னைச் சாட்சிக்கு அழைத்தார்.

நானும் தொட்டேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அந்தப் பெட்டியின் கள்ளத்தனம். சில நாள் கடிக்கும், சில நாள் சாதுவாக இருக்கும். ஜப்பான் சாமானுக்கு இரண்டு கால் பிளக். நம் ஊர்ச் சுவரில் மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் பேனா மூடியை விட்டு நெம்பிக்கொண்டு, கீழே பிளக்கைச் செருகுவார் அத்தான். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்தோம். இரண்டு கால் எந்தப் பக்கம் திருப்பினாலும் போகும். ஒரு பக்கம் செருகினால் சாது, மறுபக்கம் செருகினால் கடி என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பையன்கள் பிடியையும் பொத்தானையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. தற்செயலாகத் தொட்டவர்கள் அதையும் ஒரு விளையாட்டாக்கினார்கள். ஒருவன் தகரத்தில் விரல் வைக்க, அவன் கையை இன்னொருவன் பிடிக்க, கடைசிப் பையன் வரைக்கும் கூசுகிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் கிளுகிளுவென்று சிரிப்பதைப் பார்த்து அத்தானும் சிரித்தார். அக்காள் மட்டும் போய்க் கைகளைப் பிரித்துவிடுவாள். அவள் முகத்தில் அன்று பார்த்த பயம் இப்போதும் எனக்கு மறக்கவில்லை.

அத்தான் அவளை நம்பாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெட்டியின் இரைச்சல் அவளுக்குப் பிடிக்கவில்லை. முன்கூடம் திரும்பவும் தனக்கு வேண்டும் என்று வாய்விட்டே சொல்லியிருந்தாள். பெட்டியை வெளியேற்றத்தான் இந்தக் கதை கட்டுகிறாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். "ஏங்க, நெசமாத்தான் சொல்றேன், ஒரு வயர்மேனக் கூப்பிட்டுக் காட்டுங்க," என்பாள். "டிவிக்காரன் வீட்டுக்கு வயர்மேனா? ஊரு சிரிக்கும் லா," என்பார். அத்தான் கெட்டவர் இல்லை. அவள் தலைவலி என்றால் தானே சமைத்துப் போடுகிற மனிதர். இந்த ஒன்றில் மட்டும் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் முழுக்க அடித்த மழையில் கூரை ஒழுகி முன்கூடம் ஈரமாகக் கிடந்தது. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். பெட்டி அப்போதே உறுமிக்கொண்டிருந்தது. அக்காள் ஈரத்துணியோடு குனிந்து தகரத்தில் கை வைத்தாள். சத்தமே இல்லை. யாரோ அவள் காதில் ஏதோ சொல்வதைக் கவனிப்பவள் போல அப்படியே நின்றாள். அடுப்படியிலிருந்து காப்பிக் கோப்பையோடு வந்த அத்தான் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"போதும் லா நடிச்சது. தங்கச்சி வந்திருச்சு பாரு."

அவள் திரும்பவில்லை. அவர் கோப்பையை மேசைமேல் வைத்தார். நிதானமாகத்தான் வைத்தார். பிறகுதான் அவள் கழுத்து நரம்பு துடிப்பதைக் கண்டு, ஓடிப்போய் இரண்டு கையாலும் அவளைப் பிடித்து இழுத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அவர்மேலேயே சாய்ந்தாள். பக்கத்துக் கடைக்காரரின் காரில் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு, இறுதியில், வயர்மேன் வந்தார். பெட்டியின் முதுகைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பையன்கள் உதைத்து உதைத்து டிவியின் இரும்புச் சட்டம் நகர்ந்து தகரத்தில் நன்றாக உட்கார்ந்திருந்தது. பழைய டிவியில் அந்த இரும்பிலேயே கரண்டு ஓடும், வீட்டில் அதைப் பிளாஸ்டிக் உறை மூடியிருக்கும், யார் கையும் படாது என்றார். முன்பு லேசாகக் கசிந்த மின்சாரம் அன்று முழுதாக வந்திருக்கிறது. அத்தான் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு, நான் எத்தனையோ தடவை தொட்டேனே என்றார்.

"நீங்க சிலிப்பர் போட்டிருந்தீங்க அண்ணே. அவங்க வெறுங்காலு."

அத்தான் உள்ளங்கையை மூடிக்கொண்டார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல அவரிடம் கேட்டார்: "அப்ப, அவ சொன்னதெல்லாம் நெசமா?"

வயர்மேன் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், அவ்வளவு கோபம் எனக்கு. அந்தக் கோபம் தணியப் பல வருஷம் ஆயிற்று.

அத்தான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வயதான பிறகு நான்தான் அலோர் ஸ்டாருக்குக் கூட்டிவந்து என் வீட்டில் வைத்திருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் இப்போது நம்பிவிடுகிறார். வாசலில் மருந்து விற்க வருகிறவன் சொல்வதையும் நம்புகிறார், போனில் பரிசு விழுந்தது என்கிறவனையும் நம்புகிறார். என் மகன் தலையில் அடித்துக்கொள்கிறான். என் பேத்தி சரியான வாலு. குளியலறையில் பாம்பு இருக்கிறது தாத்தா என்று நினைத்தபோதெல்லாம் கத்துவாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கம்பை எடுத்துக்கொண்டு போய், வாளிக்குப் பின்னால், கதவு இடுக்கில், தண்ணீர் போகிற ஓட்டையில் எல்லாம் பார்ப்பார். அவள் கதவோரம் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பாள். நேற்றும் அப்படித்தான் சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் அவள் தலையைத் தடவி, "நீ பாத்தது பாம்புதாம்மா. இப்பத்தான் போயிருக்கு," என்றார்.