கொல்கத்தாவில் நான் திறந்த அலமாரி

சுற்றிப் பார்க்கக் கொல்கத்தா போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் உதவக்கூடிய சங்கதி கொஞ்சம்தான். நான் போனது நடிக்க. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை ஜானகி கூப்பிட்டாள். கொல்கத்தாவில் வங்கி அதிகாரி, அங்குள்ள தமிழ் நாடகக் குழுவை நடத்துபவள். சென்னை நாடக விழா ஒன்றில் பழக்கமானோம்.

"வேலைக்காரி வேஷம் போடற பொண்ணுக்கு டெங்கு. சனிக்கிழமை ஆறரைக்கு ஷோ. இது சொதப்பினா அடுத்த வருஷத்துலேர்ந்து நாடகமே வேண்டாம், பாட்டுக் கச்சேரி போதும்னு விழாக் கமிட்டியில சொல்லிட்டாங்க. நீ வந்தாத்தான் உண்டு."

"வரேன்."

"ஸ்கிரிப்ட் போன்ல அனுப்பட்டுமா?"

"எனக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

அது ஒரு பிரெஞ்சு நகைச்சுவை. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் தன் மகளை இரண்டு மாப்பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். இருவரும் ஒரே நாளில் வந்து நிற்க, வேலைக்காரி ஒருவனைச் சமையலறையிலும் மற்றவனை அலமாரியிலும் ஒளித்துவைக்கிறாள். கடைசியில் அவளே அலமாரியைத் திறந்து குட்டை உடைக்கிறாள், பின்னாலேயே ஒரு தபால்காரனும் வருவான். எங்கள் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஆசிரியர் தமிழாக்கி, அங்கேயே முதலில் மேடையேறியது. அங்கே இப்போது அந்த வேலைக்காரி நான்தான். பிறகு சென்னைக்குப் போனது. மாற்றலாகிப் போன ஜானகியின் அப்பா அதைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். சென்னைக்காரர்கள் ஒரே ஒரு வரியை மாற்றியதற்காக இரண்டு வருஷம் அவர்களோடு பேசாமல் இருந்தவள் நான். மொழிபெயர்ப்பில் கை வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விமானத்தில் ஏறினால் ஒரு நாள் முழுக்கக் காது அடைத்துக்கொள்ளும், நடிக்கப் போகிறவளுக்கு அது ஆகாது. எனவே தட்கலில் ரயில். வெள்ளி காலை ஏழு மணிக்குச் சென்னையில் ஏறினேன். சுமார் 1,660 கிலோமீட்டர். மறுநாள் பதினொரு மணிக்குள் ஹவுரா போய்விடும், ஒத்திகைக்கு மதியம் முழுக்க இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஒடிசாவில் மழை. ரயில் நின்ற இடத்திலேயே நின்றது. ஜானகி போன் செய்வதையே நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

ஹவுராவில் இறங்கும்போது மாலை 4.40. அரங்கம் இருந்த டாலிகஞ்சுக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னதும் மஞ்சள் டாக்ஸிக்காரர் கையை விரித்தார். "தீதி, பிரிட்ஜ் முழுக்க ஜாம். மெட்ரோல போங்க," என்று, அக்கா முறை வைத்து, இந்தியில் சொன்னார். சவாரியைத் தானே வேண்டாம் என்று சொல்லும் டாக்ஸிக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஹவுரா மெட்ரோ ஆற்றுக்கு அடியில் போகிறது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை, வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எஸ்பிளனேடில் மாறி, டாலிகஞ்சில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஷேர் ஆட்டோ பிடித்து அரங்கத்துக்குள் நுழைந்தபோது 6.10.

ஜானகி என்னைக் கட்டிக்கொண்டாள். ஒப்பனை அறையில் அலமாரி மாப்பிள்ளையாக நடிக்கும் ரோஹித் இருந்தான். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பையன், நியூ டவுனில் ஐ.டி. வேலை. பேச்சுத் தமிழே தட்டுத்தடுமாறி வரும், வசனத்தை வங்காள எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தான். "டென்ஷன் ஆகாதீங்க தீதி," என்றான். அவன் முகம்தான் வெளிறியிருந்தது. அதற்குள் மூன்றாவது மணி அடித்துவிட்டது. அங்கே மூன்றாம் மணிக்குத் திரை தூக்கியே ஆகவேண்டும்.

முதல் வரிசையில் கமிட்டித் தலைவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நல்லபடியாகவே போனது. கடைசிக் காட்சியில் ரொட்டிக்கடைக்காரர், "அலமாரியில என்ன சத்தம்?" என்றார். நான் அலமாரியை நோக்கி நடந்தேன். பக்கத் திரை மறைவிலிருந்து ஜானகி இரண்டு கையையும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

அலமாரிக்குப் பின்பலகையே இல்லை. அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது. அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை. இவர்கள் இத்தனை வருஷம் காப்பாற்றிய நாடகத்தை நான் வந்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு வாய் தானாகத் திறந்தது: "ஐயோ, மாப்பிள்ளை ஓடிட்டார்!"

அந்த நேரம் பார்த்துத் தபால்காரன் உள்ளே வந்தான். காக்கிச் சட்டை, ஒட்டு மீசை, அடியில் ரோஹித்தின் முகம். எங்கள் ஊரில் தபால்காரனாக நடிப்பது வேறு ஆள். அவன் கையைப் பிடித்து, "இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கேனே!" என்றேன். இதற்கு அவனிடம் மனப்பாட வசனம் ஏது? "ஆமி கிச்சு ஜானி நா!" என்று அலறினான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று வங்காள மொழியில். அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்த பிறகு ஜானகி விளக்கினாள். அவள் அப்பா போட்ட முதல் நாடகத்தில் அலமாரிக் கதவு சிக்கிக்கொண்டதாம். மாப்பிள்ளை கடைசிவரை உள்ளிருந்தே கத்தினாராம், ஜனங்கள் அப்படிச் சிரித்தார்களாம். அன்று முதல் அங்கே கதவைத் திறப்பதே இல்லை. ஆள் பற்றாக்குறை வந்தபோது, மாப்பிள்ளை உள்ளிருந்து சத்தம் போட்டுவிட்டு, பின்வழியாகப் போய்த் தபால்காரனாகவும் வருவது வழக்கமாயிற்று. "நாடகமே அப்படித்தான்னு நான் நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். அடுத்த வருஷமும் நாடகம் உண்டு என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஒரே நிபந்தனை, நான் செய்தபடி கதவைத் திறக்கவேண்டும்.

போகிறவர்களுக்கு: ஹவுராவிலிருந்து தெற்கே போக டாக்ஸியை நம்பாதீர்கள், மெட்ரோ பத்திரம். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். யாராவது ஸ்கிரிப்ட் அனுப்பட்டுமா என்று கேட்டால், வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் ரயிலில், டெங்குவில் படுத்திருந்த அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, வீடியோ பார்த்தேன். கதவைத் திறந்துட்டு அப்படியே பேயடிச்ச மாதிரி நிக்கறீங்களே, அதை எப்படி நடிச்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க."

என்ன சொல்லிக் கொடுப்பது? வண்டி சுரங்கத்தில் போகிறது, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.