ரீசெட் கொடுத்தவருக்குப் பாராட்டு, வேலை போனவனுக்குக் கேள்வி

1. திங்கள்: எங்கள் கல்லூரி சர்வர் அறைச் சாவியை இருபத்தாறு ஆண்டுகளாக வைத்திருந்த என்னிடமிருந்து வாங்கி, சேர்ந்து எட்டு மாதமே ஆன தினகரனிடம் கொடுத்தார்கள்.

2. இன்று புதன், காலை 11.10: எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டியில் தினகரனின் வேலை ஒன்று சிக்கிக்கொண்டது. அதை மட்டும் ரத்து செய்திருக்கலாம். அவரோ பெட்டிக்கே ரீசெட் கட்டளை கொடுத்தார். வரிசையில் காத்திருந்த எல்லோருடைய வேலைகளும் அழிந்தன. நான் காலையிலிருந்து நகலெடுத்துவந்த செய்முறைத் தேர்வுக் கோப்புகளும் பாதியில் நின்றன.

3. 11.30: முதல்வர் மேடம் வந்தார்.

"தினா ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு. உங்களுது ஏன் சார் இன்னும் முடியல?"

"சாருக்கு வயசாயிடுச்சில்ல மேடம், கொஞ்சம் டைம் குடுங்க" என்றார் தினகரன்.

பொறாமையா என்று கேட்பீர்கள். பொறாமைதான், மறுக்கவில்லை.

ஆனால், ரீசெட் ஆன பெட்டிகூட அடுத்துத் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு கணினியிடமும் நடந்ததை ஒருமுறை சொல்லிவிடும். அந்த நாகரிகத்தையே தினகரனிடம் கேட்கிறேன். இந்தப் பதிவை அவர் படிப்பார்.

வெள்ளி பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் பஸ் வராது, நான் கல்லூரிக்கு வர முடியாது. ஆகவே, எவரெவருடைய வேலையை அழித்தார் என்று தினகரன் நாளை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வாட்ஸ்அப் கட்டைவிரல் பதிலாக ஏற்கப்படாது.