ஹம்பர் சைக்கிளில் அடைபட்ட ஓட்டை

மானிப்பாய் சோமசேகரத்தாரின் வீட்டில் ஆட்கள் இரண்டு பேர், சைக்கிள்கள் ஒன்பது. கூட்டுறவுச் சங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர் கோயில் குளம் என்று திரிந்திருக்கலாம். அவரோ ஊரூராகப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் குனிந்து கிடந்தார். சில்லின் நடுவே இருக்கும் குடத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைத் துருப்போகத் தேய்த்து, இது இன்ன வருடத்துச் சைக்கிள் என்று சொல்லிவிடுவார். கலியாண நாளைக் கேட்டால் மட்டும் முழிப்பார் என்பது மனைவி கமலாவதியின் முறைப்பாடு.

அச்சுவேலியில் ஒரு கடையில் அந்த ஹம்பர் அகப்பட்டது. முன்சில்லை இருபுறமும் இரட்டைக் கம்பிகள் தாங்கிப் பிடிக்கும் சைக்கிள். அதை வைத்தே தூரத்தில் இருந்து ஹம்பர் என்று சொல்லிவிடலாம். அவருக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. கம்பனியில் இருந்து வந்த நாளில் இருந்ததுபோல ஆக்கிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கம்பனி வைக்காத எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையில் ஓடும் பாரின் அடியில் யாரோ ஓட்டை போட்டிருந்தார்கள். ஒருதரம் துளைத்துப் பிழைத்து, பக்கத்தில் இன்னொருதரம் துளைத்து, இரண்டும் சேர்ந்து புளியங்கொட்டை போலக் கோணலாகக் கிடந்தது.

"எந்த மொக்கன்ரை வேலையோ" என்று ஏசிக்கொண்டே அதில் பித்தளையை உருக்கி அடைத்தார். அராவித் தேய்த்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தபிறகு ஓட்டையின் தடம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

கொழும்பில் இருக்கும் மகள் வித்தியா ஹம்பரின் படத்தை முகநூலில் போட்டாள். அதைப் பார்த்துவிட்டுச் சண்டிலிப்பாயில் இருந்து அருந்ததி என்ற பெண் வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருப்பாள்.

"அண்ணை, அந்தச் சைக்கிளை ஒருக்கால் பாக்கலாமோ? எங்கடை தம்பி சுதாகரன் தொண்ணூற்றாறிலை ஹம்பரிலைதான் வெளிக்கிட்டவன். ஆளும் வரேல்லை, சைக்கிளும் வரேல்லை."

அவர் கூட்டிப்போய்க் காட்டி, பாவம், சைக்கிளின் வருடத்தைப் பற்றி விளக்கவும் தொடங்கிவிட்டார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து, பாரின் அடியில் விரலை வைத்துத் தடவிக்கொண்டு போனாள்.

"என்ன தேடுறியள், தங்கச்சி?"

"ஓட்டை, அண்ணை. சண்டையாலை கரண்ட் இல்லாத காலமெல்லே. சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு அம்மா கையாலை பெடலைச் சுத்துவா. டைனமோவிலை ரேடியோ பாடும். அந்த ரேடியோவைத் தொங்கவிடத்தான் தம்பி பாரிலை ஓட்டை போட்டவன். முதல் ஓட்டை பிழைச்சு, ரெண்டாவது போட்டு, ரெண்டும் ஒண்டாப் போச்சுது. அப்பா ஏசின ஏச்சு." அவள் சிரித்தாள். "அம்மாவுக்கு இப்ப கண் தெரியாது. எண்டாலும் அந்த ஓட்டையைத் தடவினாக் கண்டுபிடிச்சிடுவா."

சோமசேகரத்தாருக்குத் தான் உருக்கி அடைத்த பித்தளை நினைவுக்கு வந்தது.

அவளுடைய விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து மறுபடியும் தாண்டியது. நிமிர்ந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"இது இல்லை, அண்ணை. நல்லதாப் போச்சுது. சைக்கிள் தனிய அம்பிட்டா ஆளை எங்கையெண்டு தேடுறது? அவன் சைக்கிளோடை எங்கையோ இருக்கிறான் எண்டுதான் அம்மா உயிரைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறா."

அவள் வாசல் படலை வரை போய்விட்டாள். பேசாமல் விட்டால் என்ன என்று அவருக்குப் பட்டது. ஹம்பர் தன்னிடமே இருக்கும்; அந்தத் தாயும் நிம்மதியாக இருப்பா. தாயின் நிம்மதி இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது என்பதை அவர் கவனித்தார். வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி, நில்லுங்கோ."

கத்தியை எடுத்துவந்து அவள் முன்னாலேயே பாரின் அடியைச் சுரண்டினார். கறுப்பு உதிர உதிர, புளியங்கொட்டை அளவில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

"நான்தான் அடைச்சனான். தெரியாமச் செய்துபோட்டன். சைக்கிளைக் கொண்டுபோங்கோ, இது உங்கடை."

அருந்ததி நிலத்தில் குந்திவிட்டாள். அழவில்லை. அந்த மஞ்சளில் விரலை வைத்தபடி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னார். கடைக்காரனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எந்தச் சைக்கிளுக்கும் வயது சொல்லக்கூடிய மனிதர் அதைக் கடைக்காரனிடம் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் அவள் எழும்பிச் சீலையைத் தட்டினாள்.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். நான் சொன்னா நம்பமாட்டா, தானும் தடவிப் பாக்கவேணும் எண்டு நிக்கிறா."

"ஓம், கூட்டிவாங்கோ. அதுக்கிடையிலை அடைச்சதை எடுத்துவிடுறன்."

"வேண்டாம், அண்ணை. திரும்பப் பெயின்ற் அடிச்சுவிடுங்கோ. முந்திமாதிரி, அம்மாவின்ரை கைக்குத் தெரியாமல்."

அவள் போனபிறகு சோமசேகரத்தார் பெயின்ற் தகரத்தைத் திறந்தார். பூசிக் காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாரின் அடியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனாலும் அவர் தன் விரலை நம்பவில்லை. அந்த இடத்தை இன்னும் ஒருதரம் தேய்க்கத் தொடங்கினார்.