மடை இல்லாத வரப்பு: ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு மழை நடை

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர் நீர்வடிப்பகுதிக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். போன கோடையில் இயந்திரம் வைத்துப் போட்ட வரப்புகளில் பாதி, முதல் மழைக்கே உடைந்துபோயின. ஒப்பந்தக்காரர் மண்ணைக் குறை சொன்னார், ஊர்க்காரர்கள் ஒப்பந்தக்காரரைக் குறை சொன்னார்கள். கூட்டத்துக்கு டீயும் வடையும் மட்டும் ஒழுங்காக வந்தன. அந்த எரிச்சலில்தான் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். அவர் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு யூனியன் ஆபீஸ் இன்ஜினியர். பயிற்சி முகாம் ஒன்றில் பழக்கம். "எங்க வேலையப் பாக்கணும்னா மழைக்கு வாங்க. வெயில்ல எல்லாக் காடும் மட்டமாத்தான் தெரியும்" என்றார். மானாவாரி நிலத்தைத்தான் அங்கே காடு என்பார்கள். ஐப்பசி பிறந்ததும் கிளம்பினேன். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் போல இருந்தது.

காலை பத்தரைக்கு விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கினேன். அங்கிருந்து சாத்தூருக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சாத்தூரில் எழுநூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டு, ஏழாயிரம்பண்ணைக்கு டவுன் பஸ் ஏறினேன். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உட்கார இடமும் இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டம் பஸ் நிலையத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. கிழமை பார்க்காமல் கிளம்பியது என் தப்பு.

பாதி வழியில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாவின் நகக்கண்களில் அலுமினியப் பொடி வெள்ளியாக ஏறியிருந்தது. எங்கே போகிறேன் என்று கேட்டார். மழை பெய்யும்போது காட்டைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன்.

"மழையா? நல்லா வந்தீக போங்க. தீவாளி முடியிற வரைக்கும் பெய்யக் கூடாதுன்னு நாங்க கும்பிட்டுக்கிட்டிருக்கோம். மேகம் கறுத்தாலே பட்டாசுக் கம்பெனியச் சாத்திருவாக. அன்னைக்குச் சம்பளம் கிடையாது."

"உங்களுக்குக் காடு எதுவும் இல்லையாம்மா?"

"ஏன் இல்லாம? ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம் நிக்கி. அதுக்கு மழை வேணும்தான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானத்தைப் பார்த்து எதைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு ஊரே இருக்கிறது.

அன்று வானம் கும்பிட்டவர்கள் பக்கம் இருந்தது. சாலையின் இருபுறமும் கரிசல், அதில் ஒன்றுக்கொன்று எட்டத் தள்ளிக் கட்டிய பட்டாசு ஷெட்டுகள். அவற்றைப் பார்த்துவிட்டுச் சாத்தூருக்கே திரும்பினேன்.

மறுநாள் மதியம் மேகம் திரண்டது. ஸ்டெல்லா என்னை ஏழாயிரம்பண்ணையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார். நாங்கள் போய்ச் சேரும்போது கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. இங்கே விவசாயியும் பட்டாசுத் தொழிலாளியும் ஒரே ஆள்தான். வெயில் நாளில் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வரும் என்றார் ஸ்டெல்லா. அதனால் மழை விழுந்து வேலை நின்ற நாளிலேயே எல்லோரையும் காட்டுக்குள் கூட்டிப்போய், தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அதன் பின்னாலேயே நடக்கிறார்கள். நடந்த தடத்தில் குச்சி நடுகிறார்கள். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் பிறகு வரப்புக்குத் திட்டம் எழுதுகிறார்.

மின்னல் அடங்கும்வரை பள்ளிக்கூடத்துக்குள் காத்திருந்தோம். அப்புறம் தூறலில் இறங்கினோம். செருப்பைப் பத்தடியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன், கரிசல் விட்டால்தானே! குச்சிகளின் நுனியில் அச்சுப் பிசகிய, மயில் படம் போட்ட பட்டாசுப் பெட்டி லேபிளைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பாராம். மழையில் நனைந்தாலும் பளிச்சென்று தெரிகிறது.

நான்காவது காட்டில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அது தங்கப்பாண்டியின் மேல்காடு. அதை ஒட்டிச் சரிவில் இருப்பது அவருடைய அக்காள் கணவர் சுடலைமணியின் காடு. இரண்டுக்கும் நடுவில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு வரப்பு. மேற்கு மூலையில் அது உடைந்து, சுடலைமணியின் காட்டுக்குள் பெரிய பள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், செங்கல் விளிம்பு வைத்த ஒரு சமாதி. விளிம்பில் இரண்டு கல் ஏற்கெனவே பள்ளத்துக்குள் கிடந்தன.

ஸ்டெல்லா தணிந்த குரலில் எனக்கு விவரம் சொன்னார். சமாதியில் இருப்பவர் முத்துலட்சுமி. சுடலைமணியின் மனைவி, தங்கப்பாண்டியின் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் போனவர். கண்ணெதிரே இருக்கட்டும் என்று சுடலைமணி சொந்தக் காட்டிலேயே அடக்கம் செய்தார். அந்த வேலைக்கு அக்காவை அனுப்பியது நீதான் என்று தங்கப்பாண்டி அன்றைக்குச் சொன்னதோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இன்னொரு பெருமழை பெய்தால் சமாதி நிற்காது. அது எனக்கே தெரிந்தது.

"இங்கன முன்னாடி மடை இருந்துச்சே, யாரு அடைச்சது?" என்று பொதுவாகக் கேட்டார் ஸ்டெல்லா.

"மேல்காட்டுக்காரரக் கேளுங்க மேடம்" என்றார் சுடலைமணி, பள்ளத்தைப் பார்த்தபடியே. "எம்மேல உள்ள கோவத்த எங்கன காட்டன்னு தெரியாம, செத்தவ தலைமாட்டுல வந்து காட்டுதாரு."

மழை கொஞ்சம் வலுத்தது.

"நாந்தான் அடைச்சேன்" என்றார் தங்கப்பாண்டி. அவரும் ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் பேசினார். "எங்கக்கா மேல தண்ணி போகக் கூடாதுன்னு அடைச்சேன் மேடம். வருசா வருசம் வரப்ப ஒசத்திக்கிட்டே வாரேன். அம்புட்டும் தேங்கி அங்கனயேதான் உடைக்கி."

கரிசலில் தண்ணீருக்குப் போக்கு வைக்காமல் வரப்பை உயர்த்தினால் அது தேங்கி, தாழ்ந்த இடத்தில் மொத்தமாக உடைத்துக்கொண்டு போகும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கீழ்காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வருஷமே தீர்ந்திருக்கும். "யாருகிட்டப் போயிக் கேக்க?" என்றார் தங்கப்பாண்டி, நாங்கள் கேட்காமலே.

ஸ்டெல்லா தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலைப் பிடித்து இரண்டு மூன்று இடத்தில் மட்டம் பார்த்தார். தண்ணீரைக் கிழக்கு மூலைக்குத் திருப்பலாம், அங்கே சரளைத் தரை, அரிக்காது, பாதை ஓரத்து ஓடையில் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். ஆனால் வரப்பின் நீளத்துக்கும் மேல்காட்டுக்குள் வாய்க்கால் வெட்ட வேண்டும். அந்த இடத்தில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார். அவசரம்தான் என்று வானம் சொல்லிக்கொண்டிருந்தது.

தங்கப்பாண்டி குச்சிக்கட்டை வாங்கிக்கொண்டார். தன் சோளத்துக்குள் இறங்கி, கதிரோடு நின்ற தட்டைகளை மிதித்துக்கொண்டே கிழக்கு மூலை வரைக்கும் வரிசையாகக் குச்சி நட்டுவிட்டு வந்தார். லேபிளில் இருந்த மயில்கள் சோளத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து வரப்பின் மேல் நின்று, கீழே பார்த்து, "மச்சான், மம்பட்டிய எடுத்துட்டு வாங்க" என்றார்.

சுடலைமணி முகத்தைத் துண்டால் துடைத்தார். மழையில் முகம் துடைத்து என்ன ஆகப்போகிறது? அப்புறம் வேப்பமரத்தில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் வெட்ட ஆரம்பித்தார்கள். இருட்டுவதற்குள் தண்ணீர் கிழக்கே திரும்பிவிட்டது. மடைக்குக் கல் கட்டும் வேலை திட்டத்தில் பிறகு வரும் என்றார் ஸ்டெல்லா.

நான் வரப்பு கட்டும் வித்தையைக் கற்றுக்கொள்ளப் போனேன். எங்கள் ஊரிலும் மண் மட்டும் உடையவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எந்த வரப்பு எந்தச் சண்டையின் மேல் நிற்கிறது என்று நாங்கள் யாரையும் கேட்கவே இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், ஆனால் ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், மழை உங்கள் டிக்கெட்டைப் பார்த்துப் பெய்யாது. யூனியன் ஆபீசில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடி மின்னல் இருக்கும்போது காட்டில் இறங்கவே கூடாது. பட்டாசு ஷெட்டுகள் பக்கம் போகாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். மாற்றுத் துணி கட்டாயம். சாத்தூருக்குக் கடைசிப் பஸ் எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காததால் ஆட்டோவுக்கு நானூறு ரூபாய் அழுதேன்.

தீபாவளிக்குப் பிறகு அங்கே நல்ல மழை. ஸ்டெல்லா குரல் செய்தி அனுப்பியிருந்தார். தண்ணீர் முழுக்கக் கிழக்கே போய்விட்டதாம், சமாதிக்கு ஒன்றும் ஆகவில்லையாம். மச்சானும் மச்சினனும் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டேன்.

"பேசுறாக" என்றார். "மழை பெய்யிற அன்னைக்கு மட்டும். தண்ணி எங்கன போகுதுன்னு."