தங்கச்சியின் பத்து விரல்கள்

எங்கள் பார்லரில் நான் முடி வெட்டுகிறவள். பக்கத்து நாற்காலியில் நகம் பார்ப்பவளை எல்லோரும் நகக்காரி என்றே கூப்பிடுவோம். வேலையில் புலி, வாயில் அதைவிடப் பெரிய புலி. யாராவது விரலை நீட்டி, "இதென்ன வெள்ளை வெள்ளையா?" என்று கேட்டால் போதும். "கால்சியம் பத்தல, பால் குடிங்க" என்று சட்டென்று சொல்லிவிடுவாள். எந்தக் கல்லூரியில் படித்தாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவளுக்கு ஒரே தங்கை. தங்கையின் முகம் யாருக்கும் தெரியாது, கையை ஊரே பார்த்திருக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம், பாத்திரம் தேய்க்கும் பவுடர் என்று எந்த விளம்பரத்தில் கை வந்தாலும் அது அவளுடையதாக இருக்கும். அந்தக் கையைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. ஞாயிறுதோறும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, நகம் முளைக்கும் இடத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலை இரும்புக் குச்சியால் அழுத்திப் பின்னுக்குத் தள்ளுவாள். அப்போதுதான் நகம் நீளமாகத் தெரியுமாம்.

"வலிக்குதுக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்கோடி. அழகுன்னா சும்மாவா?"

இப்படி இருக்கும்போது ஒரு சோப்பு விளம்பரம் தேடி வந்தது. மூன்று வருட ஒப்பந்தம். இனி ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைய வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஒரே நிபந்தனை, நகப்பூச்சு கூடாது. பூச்சைத் துடைத்துப் பார்த்தால் எட்டு நகங்களில் வெள்ளைப் புள்ளி.

நகக்காரி அசரவில்லை. தங்கைக்கு இரண்டு வேளை பால், முட்டை, கால்சியம் மாத்திரை. வாரம் ஒரு தடவை தள்ளிய தோலை இரண்டு தடவை தள்ளினாள். ஒரே மாதத்தில் மிச்சமிருந்த இரண்டு நகங்களிலும் புள்ளி வந்துவிட்டது. நான்தான் இருவரையும் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் விரல்களை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். "கால்சியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. நகம் முளைக்கிற எடத்துல அடிபட்டா இப்படி வரும். பெரிய அடி வேணாம், அடிக்கடி அழுத்தினாலே போதும். வெளிய தெரியறதுக்குள்ள சில வாரம் ஆயிடறதால, எதனாலன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. யாராவது அந்தத் தோலைத் தள்ளுறாங்களா?"

நகக்காரி வாயைத் திறப்பதற்குள் தங்கை, "நானேதான் தள்ளிக்குவேன்" என்றாள்.

"இனிமே தொடாதீங்க."

"எப்போ போகும் டாக்டர்?" நகக்காரியின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நகம் வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டினாத்தான் போகும். அஞ்சாறு மாசம் ஆகலாம். சீக்கிரம் போக மருந்து கிடையாது."

படப்பிடிப்பு வியாழக்கிழமை.

பஸ்ஸில் நகக்காரி கேட்டாள். "ஏன்டி பொய் சொன்ன?"

"அவர் உன்னைத் திட்டுவாரேன்னுதான். விடுக்கா."

தங்கை அக்காவை நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஸ்டூடியோவில் கையைப் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

மறுவாரம் எங்கள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். நகக்காரியின் எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தாள்.

"சோப்பு விளம்பரத்துக்கு என்னைத்தான் எடுத்திருக்காங்க. நாளன்னைக்கு ஷூட்டிங். உங்களைப் பத்தி ஸ்டூடியோல சொன்னாங்கக்கா. உங்க தங்கச்சிக்குச் செய்யற மாதிரியே எனக்கும் செஞ்சு விடுங்க."

முதலாளியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நகக்காரி இரும்புக் குச்சியை எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் எண்ணெய் தடவி, நுனியை மட்டும் ராவினாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் ஒருத்திக்கு முடியை ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டிவிட்டேன்.

"தோலைத் தள்ள மாட்டீங்களாக்கா? மத்த கடையில எல்லாம் தள்ளுவாங்களே."

"தள்ளவே கூடாதும்மா. யாரையும் தள்ள விடாதே."

"உங்க தங்கச்சிக்கு?"

நகக்காரி குனிந்த தலையை நிமிர்த்தாமல் அடுத்த விரலைப் பிடித்தாள்.

"அவளுக்கும் நான் தள்ளினதே இல்ல" என்றாள்.